மெல்வின் லிப்கினுக்குப் போட்ட மாலை

யோகமலர் மெல்வினை முதன்முதலில் கண்டது பஸ் கராஜின் கன்ரீனில், ஓர் இறால் குழம்பை நடுவில் வைத்துக்கொண்டு. அவள் அந்தக் கிழமைதான் பயிற்சி முடிந்து இல்ஃபோர்ட் பக்கத்துப் பாதையொன்றில் தனியாக பஸ் ஓட்டத் தொடங்கியிருந்தாள். ஜேர்மனியில் ஹோட்டல் அறைகளைத் துடைத்துத் துடைத்து முழங்கால் தேய்ந்த பிறகு லண்டனுக்கு வந்தவள். கதிரையில் இருந்து செய்கிற வேலை என்றால் அவளுக்கு அதுவே பெரிய பதவி. மைக்ரோவேவில் புட்டையும் குழம்பையும் சூடாக்கினாள். வாசம் கன்ரீனைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். மூன்றாவதாக ஒரு மொட்டைத்தலை மனிதர் எழும்பி வந்து அவளுடைய பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மீனோ?"

"இறால்."

"அப்ப எனக்கு வேண்டாம்."

"நான் தாறன் எண்டு சொல்லவே இல்லையே."

"சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன். நான் யூதன். எங்களுக்கு இறால் ஆகாது."

"சாமி கும்பிடுற ஆளோ?"

"கடவுள் இல்லை. அதில எனக்குச் சந்தேகமில்லை. ஆனா இறால் சாப்பிடக்கூடாதெண்டு அவர் சொன்னது சொன்னதுதான்."

ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் யோகமலர் அவரைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் மெல்வின் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார். அடுத்த நாள் அவள் சூரை மீன் குழம்பு கொண்டுபோனாள். அவர் ஒரு துண்டு பாணை எடுத்து, சட்டி கழுவியதுபோல அந்தப் பெட்டியைத் துடைத்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்த மேசையில் அவர்கள் இரண்டு பேருக்கும் இடம் போட்டு வைப்பது கராஜில் வழக்கமாகிவிட்டது.

மெல்வின் லிப்கின் இல்ஃபோர்டில் பிறந்து இல்ஃபோர்டிலேயே தலைமயிர் கொட்டியவர். அவர் சிறுவனாக இருந்தபோது அந்தத் தெருவில் பாதி வீடுகள் யூத வீடுகள். இப்போது அதே வீடுகளில் பாதி தமிழ் வீடுகள். தகப்பன் டாக்சி ஓட்டினார். மகன் கணக்காளனாக வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனோ கணக்குப் பாடத்துக்குப் பயந்து பதினேழு வயதில் ஆமியில் சேர்ந்துவிட்டார். ஆமி அவருடைய கையில் துவக்கைக் கொடுத்ததைவிட அகப்பையைக் கொடுத்ததுதான் கூட. விடியற்காலையில் எழும்பி ஒரு பட்டாளத்துக்கே, யூதருக்கு ஆகாத பன்றி இறைச்சி பொரிக்கும் வேலை.

"அம்மா அயலட்டையில என்ர பிள்ளை சமையல் பகுதியில இருக்கிறான் எண்டு சொல்லுவா," என்றார் ஒருநாள். "என்ன சமைக்கிறன் எண்டதை மட்டும் சொல்லமாட்டா."

எண்பத்திரண்டாம் ஆண்டு, தென் அத்திலாந்திக்கில் ஒரு தீவுக்கூட்டத்துக்காக பிரித்தானியாவும் ஆர்ஜென்ரீனாவும் அடிபட்டன. மெல்வினுடைய சமையற்கட்டும் கப்பல் ஏறியது. கரைக்குப் பக்கத்தில் நின்ற கப்பலில் குண்டு விழுந்தது. கீழ்த்தட்டு எரிந்தது. மெல்வினும் அவரோடு சமைத்த ஒரு வேல்ஸ் பையனும் மேல்தட்டில் இருமிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பையனின் பெயர் ஹவல் பிரிச்சர்ட். அவன்தான் ஈரத் துவாயை முகத்தில் சுற்றிக்கொண்டு முதலில் இறங்கினான்.

"அவன் போனபடியா நான் போனன்," என்றார் மெல்வின். "எனக்கு வீரம் இல்லை, யோகா. தனிய மேல நிக்க வெக்கம். அவ்வளவுதான்."

இரண்டு பேருமாகப் பலரை இழுத்து மேலே கொண்டுவந்தார்கள். இழுக்கப்பட்டவர்கள் எல்லாரும் நினைவில்லாமல் கிடந்தார்கள். கடைசியில் மெல்வினின் கை எரிந்து, அவர் மேல்தட்டில் விழுந்துவிட்டார். ஹவல் அவரைப் பார்த்து ஏதோ பகிடி சொன்னான். என்ன பகிடி என்று மெல்வினுக்கு ஞாபகமில்லை. பிறகு அவன் திரும்பவும் இறங்கினான். வரவில்லை.

அவன் வெளியில் வந்ததையும் திரும்ப உள்ளே போனதையும் கண்டவர் மெல்வின் ஒருவர்தான். அவர் சொன்னார். விசாரித்த அதிகாரி எழுதிக்கொண்டார். ஆனால் ஹவலின் தாய்க்குப் போன கடிதத்தில் மகன் குண்டு விழுந்த இடத்திலேயே, ஒன்றும் அறியாமல் இறந்தான் என்று இருந்தது. மெல்வினுக்குப் பதக்கம் வந்தது. தாய் அந்தக் கடிதத்தை நம்பிக்கொண்டே செத்துப்போனாள்.

பதக்கம் வந்த ஆண்டு மெல்வினுடைய சொந்தச் சனம் அவரைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆடியது. யூதப் பையன்கள் ஆமியில் வாங்கிய வீரப் பதக்கங்களைப் பற்றி அவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. அதில் பிழை இல்லை. "யூதன் சண்டைக்குப் போகமாட்டான்" என்று இந்த நாட்டில் நக்கலடித்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நக்கலுக்குப் பதில் சொல்லத்தான் ஒவ்வொரு நவம்பரிலும் யூத முன்னாள் படையினர் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, போர் நினைவுத்தூண் நிற்கிற வைட்ஹாலில் நடக்கிறார்கள். மெல்வினும் ஒருமுறை நடந்தார். அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு ஊர் மண்டபத்தில் ஒரு விருந்து வைத்தார்கள். மெல்வின் எழும்பி ஹவலைப் பற்றிச் சொல்லத் தொடங்க, விருந்து வைத்தவர் அவருடைய தோளில் தட்டி இருத்தினார். "பாருங்கள், எவ்வளவு தன்னடக்கமான பையன்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"தன்னடக்கம் எண்டு சொல்லியே என்ர வாயைப் பொத்திப்போட்டாங்கள்," என்றார் மெல்வின். அந்தப் பக்கம் அவர் பிறகு போகவில்லை.

ஹவலுக்கு ஒரு அக்கா இருந்தாள். குவெண்டா. வேல்ஸில், பேங்கரில் இருக்கிறாள். மெல்வின் ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு ஃபோன் எடுப்பார். நடந்ததை அவளுக்கு எப்போதோ சொல்லிவிட்டார். அவள் நம்பினாள். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. "நீ எனக்குச் சொல்லுறது எனக்கும் உனக்கும் இடையில. ஒரு சபையில, நாலு பேர் கேக்க, ஒருக்கா ஆராவது சொல்லவேணும். நான் கண் மூட முந்தி," என்று அவள் கேட்டிருந்தாள். எழுபதை நெருங்கிய மனுசி, இருதய வருத்தக்காரி. இதைத் தவிர வேறொன்றும் கேட்காதவள்.

இதைக் கேட்ட நாளில்தான் யோகமலருக்கு அந்தப் புத்தி வந்தது. எங்களிடம் சபை இருக்கிறதே.

இருந்தது. றோடிங் கரைத் தமிழ் மன்றம் என்று பெயர். மனோர் பார்க், இல்ஃபோர்ட், ஈஸ்ட்ஹாம் சனங்கள் சேர்ந்து வருடாவருடம் நவம்பரில் ஒரு பண்பாட்டு மாலை வைப்பார்கள். யோகமலர் அதில் மகளிர் அணி. தலைவர் சண்முகராசா. பிரான்சிலிருந்து வந்து இங்கே நாலைந்து பெற்றோல் நிலையம் வைத்திருப்பவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் எந்த நாட்டில் இருக்கிறதென்று எவருக்கும் தெரியாத ஒரு பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அன்றிலிருந்து 'கலாநிதி' போடாத அழைப்பிதழை அவர் கையால் தொடமாட்டார். மண்ணெண்ணெய் விளக்கில் கண் எரியப் படித்து ஒரு பட்டத்தை வாங்கியவனுக்குத்தான் தெரியும், அந்தச் சொல்லை இப்படிக் கடையில் வாங்குவது எப்படிப்பட்ட களவு என்பது.

"ஒரு யூதர், பிரிட்டிஷ் ஆமியில வீரப் பதக்கம் எடுத்தவர், என்னோட வேலை செய்யிறார்," என்று கூட்டத்தில் யோகமலர் சொன்னாள்.

சண்முகராசா கதிரையில் நிமிர்ந்தார். "யூதரோ? ஐயோ பிள்ளை, இவ்வளவு நாளும் ஏன் ஒளிச்சு வைச்சிருந்தனீ? அதுதான் வேணும். நாடு பிடிச்ச இனம்."

"அண்ணை, இவர் இல்ஃபோர்டில பிறந்தவர். பஸ் ஓடுறார்."

"எங்க பிறந்தா என்ன, ரத்தம் ரத்தம்தானே."

மூலையில் இருந்த ஒருவர், காசாவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது யூதனை மேடையில் ஏற்றுவதோ என்று கொதித்தார். அவருக்கும் சண்முகராசாவுக்கும் இடையில் அரை மணித்தியாலம் வாய்ச்சண்டை. ஒருவருக்கு மெல்வின் இஸ்ரேல். மற்றவருக்கும் மெல்வின் இஸ்ரேல். புட்டுப் பெட்டியைப் பாணால் துடைத்துச் சாப்பிடுகிற மனுசனை அந்த மேசையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே கைவிட்டிருக்கலாம். ஆனால் குவெண்டாவின் குரல் யோகமலரின் காதுக்குள் நின்றது. அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். மேடையில் ஹவல் பிரிச்சர்டின் பெயரைச் சொல்லவேண்டும். அவன் வெளியில் வந்து, பிறகு திரும்ப உள்ளே போனவன் என்று சொல்லவேண்டும். யூரியூப் லைவில் அக்காக்காரி பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சொல்லுவம், சொல்லுவம். என்ன பேர்? அவலோ?"

"ஹவல்."

"அவல். பொரி, கடலை எல்லாம் சேத்துச் சொன்னா சரஸ்வதி பூசையையும் முடிச்சிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். யோகமலர் சிரிக்கவில்லை. "ஹவல் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள். அவர் சொல்லும்வரை அவள் விடவில்லை. சொன்னார். வாக்கும் கொடுத்தார்.

மேடையில் அந்தப் பெயர் வரும் என்று யோகமலர் மெல்வினுக்கு வாக்குக் கொடுத்தாள். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்தார். "எங்கட ஆக்களுக்கு நான் எங்கட ஆள். அதால நான் சொன்னது அவைக்குக் கேக்கேல்லை," என்றார் பிறகு. "உங்கட ஆக்களுக்கு நான் ஒரு ஆளுமில்லை. ஒருவேளை கேப்பினம்." குவெண்டாவுக்கு அன்றைக்கே ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டார். அவள் அழுதாளாம். என்ன உடுப்புப் போடுவது என்று கேட்டாளாம், ரீவியில் தான் தெரிவது மாதிரி.

பதாகை அடித்தது ஈஸ்ட்ஹாமில் ஓர் அச்சுக்கடை. அங்கே வேலை செய்த பிரீத்தா திருச்சிப் பக்கத்துப் பிள்ளை, வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சண்முகராசா அவளுக்கு வாட்சப்பில் மெல்வினுடைய படத்தையும் தன்னுடைய படத்தையும் அனுப்பி, "பெரிய பட்டமாப் போடு தங்கச்சி" என்று ஒரு குரல் செய்தியும் போட்டார். அவள் தனக்குத் தெரிந்த பெரிய சொல்லைப் போட்டாள். மாவீரர் மெல்வின் லிப்கின். சரி பார்க்கச் சொல்லி அவருக்கு அனுப்பவும் செய்தாள். அவர் தன்னுடைய படம் எவ்வளவு பெரிதாக வந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. அது ஈழப் போரில் சண்டையிட்டுச் செத்தவருக்கு மட்டும் உரிய சொல். உயிரோடு இருக்கிறவனை அப்படிக் கூப்பிட்டால் அது வாழ்த்தல்ல, சாபம். யோகமலருடைய தம்பி ஒருவனும் அந்தச் சொல்லுக்குள் போனவன்தான். அவர்களுக்கு விளக்கேற்றுகிற நவம்பர் மாதத்தில் ஒரு படமும் அந்தச் சொல்லும் ஒன்றாக வந்தால் மிச்சம் எல்லாம் தன்பாட்டில் நடக்கும்.

நடந்தது. மண்டப அலங்காரத்துக்கு கிறிஸ்துநாயகம் பொறுப்பு. கல்யாணம், சாமத்தியம், செத்த வீடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே வான் வண்டியில் சாமான் கொண்டு திரிபவர். பதாகையைப் பார்த்தார். மெல்வினுடைய படத்தைச் சட்டம் போட்டு வாசலில் ஒரு மேசையில் வைத்தார். சிவப்பும் மஞ்சளுமாக மாலை போட்டார். முன்னால் விளக்கை ஏற்றி, தட்டில் பூவும் வைத்தார்.

யோகமலர் மெல்வினைத் தன் காரில் கூட்டிக்கொண்டு வந்தாள். நீலக் கோட்டில் பதக்கத்தைக் குத்தியிருந்தார். கழுத்துப்பட்டியை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டியதாகச் சொன்னார். மண்டபத்துக்குள் நுழைந்தபோது சனம் வரிசையாக நின்று படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழவி பூவைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். மெல்வினைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி மெல்வினைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு விறுவிறென்று அப்பால் போய்விட்டாள்.

மெல்வின் படத்துக்குக் கிட்டப் போனார்.

"யோகா, இது நான்தானே?"

"ஓம்."

"எங்கட வீட்டிலயும் செத்தவைக்கு விளக்கு வைக்கிறவை. பூ வைக்கிறேல்லை." விளக்கைக் குனிந்து பார்த்தார். "நான் கொஞ்சம் முந்தி வந்திட்டன் போல."

யோகமலர் பதாகை அடித்த பிள்ளையைத் தேடிப் போனாள். பிரீத்தா சாப்பாட்டு மேசைப் பக்கம் நின்றாள்.

"பிள்ளை, இந்தச் சொல்லை ஆர் போடச் சொன்னது?"

"நான்தான் போட்டேன்கா. ஏன், தப்பா? வீரருக்கு மேல மாவீரர்தானே. எங்க ஊர்ல மாவீரன் அலெக்சாண்டர்னுதான் பாடத்துலயே இருக்கும்."

"அலெக்சாண்டரும் செத்த ஆள்தான், பிள்ளை."

விஷயம் விளங்கியபோது பிரீத்தாவின் முகம் செத்துப்போனது. "ஐயோ அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் தலைவர்கிட்ட காட்டினேனே," என்று அழும் நிலைக்கு வந்துவிட்டாள். அவளில் கோபிக்க என்ன இருக்கிறது? யோகமலர் கிறிஸ்துநாயகத்திடம் போனாள். அவர் ஏணியில் நின்றுகொண்டே பதில் சொன்னார். "படத்துக்கு மேல அப்பிடிக் கிடக்கு. நான் என்ன, ஆளின்ர நாடியைப் பிடிச்சுப் பாத்தே மாலை போடுறது?"

அவள் மாலையைக் கழற்றப் போனாள். பின்னால் வந்து கையைப் பிடித்தது சண்முகராசா.

"விடு பிள்ளை. லைவ் போகுது. எல்லாரும் பூப்போடுறதை உலகம் முழுக்கப் பாக்குது. இப்ப கழட்டினா அசிங்கம்."

"உயிரோட நிக்கிற மனுசனுக்கு மாலை போட்டு விளக்கேத்தி வைச்சிருக்கிறது அசிங்கமில்லையோ அண்ணை?"

"வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியப்போகுது?"

வாசலில் மாலை கிடக்க, மெல்வினை மேடைக்குக் கொண்டுபோனார்கள். மொழிபெயர்க்க யோகமலரைப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். கலாநிதி சண்முகராசா ஒலிவாங்கியைப் பிடித்தார். பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. இரண்டாயிரம் வருடம் நாடில்லாமல் அலைந்த இனம், மூளையால் உலகத்தை ஆளுகிற இனம், பாலைவனத்தைச் சோலையாக்கிய இனம் என்று அடுக்கிக்கொண்டே போனார். புகழ்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனுசனை எவ்வளவு தூரம் இல்லாமல் பண்ணலாம் என்று யோகமலர் அன்றைக்குக் கண்டாள்.

"என்ன சொல்லுறார்?" என்று மெல்வின் காதோடு கேட்டார்.

"நீங்கள் பாலைவனத்தைச் சோலையாக்கினீங்களாம்."

"நானோ? என்ர பால்கனியில ஒரு ரோசா தப்பேல்லை."

பிறகு பொன்னாடை. ஒருமுறை போர்த்தினார்கள். கமராக்காரன் தவறவிட்டுவிட்டான் என்று கழற்றி மறுபடி போர்த்தினார்கள். மன்றத்துக்கு விளம்பரம் கொடுத்த நகைக்கடைக்காரர் தானும் படத்தில் விழ நெருங்கி வந்து நின்றார். சண்முகராசா மெல்வினுடைய நெஞ்சிலிருந்த பதக்கத்தை இரண்டு விரலால் தூக்கிப் பின்பக்கம் திருப்பினார். "இது வெள்ளியோ, தங்கமோ?" என்று நகைக்கடைக்காரரைக் கேட்டார். அவர் கையில் எடை பார்த்து, வெள்ளி என்றார். பதக்கத்துக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறார் என்பது இரண்டு பேருக்கும் நினைவிருந்ததாகத் தெரியவில்லை. மெல்வின் அசையாமல் நின்றார், நோய் பார்க்க வந்த இடத்தில் டொக்டர் சட்டையைத் தூக்கச் சொன்ன ஆள் மாதிரி. ரோசாப் பன்னீர், பிரியாணி, சாம்பிராணி எல்லாம் ஒரே நாற்றமாகி மூக்கில் ஏறியது.

"அண்ணை, பேர்," என்றாள் யோகமலர்.

"ஓம் ஓம், கடைசியில."

கடைசியும் வந்தது. ஆட்டத்துக்குப் பிள்ளைகள் உடுத்திக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றார்கள். யோகமலர் எழும்பி ஒலிவாங்கிக்குக் கையை நீட்டினாள். சண்முகராசா சிரித்துக்கொண்டே அதை மறுபக்கம் மாற்றிப் பிடித்தார்.

"சபையோரே, இந்த மாமனிதரின்ர தன்னடக்கத்தைப் பாருங்கோ. தன்னைப் பற்றி ஒண்டும் சொல்ல வேண்டாமாம். தன்னோட நிண்ட இன்னொரு பெடியன்ர பேரைத்தான் சொல்லச் சொல்லிக் கேக்கிறார். இதுதான் பெரிய மனசு. பலத்த கரகோஷம் குடுங்கோ."

கரகோஷம் மண்டபத்தை இடித்தது. பெயர் வரவில்லை. கை ஓயுமுன் அதே வாயால் அவர் அதிர்ஷ்டச் சீட்டிழுப்பை அறிவித்தார். முதல் பரிசு நகைக்கடையின் ஒரு பவுன் சங்கிலி.

"இப்ப என்ன சொன்னவர்?" என்று மெல்வின் கேட்டார்.

யோகமலருக்குப் பொய் சொல்ல மனம் வந்தது, வாய் வரவில்லை. "உங்களுக்கு நல்ல தன்னடக்கமாம்," என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் மெல்வின் எழும்பினார். பொன்னாடையை ஆறுதலாக மடித்தார், ஆமியில் போர்வை மடிக்கிற மாதிரி மூலைக்கு மூலை பிடித்து. கதிரையில் வைத்துவிட்டுப் படியிறங்கி நடந்தார். யோகமலரும் பின்னால் போனாள். வாசலில் அவள் அந்த மாலையைப் பிடுங்கிக் குப்பை வாளிக்குள் போட்டாள். விளக்கை ஊதி அணைத்தாள். யாரோ "அக்கா, அபசகுனம்" என்றார்கள். "நல்லது," என்றாள்.

காருக்குள் ஏறி இருக்க மெல்வினுடைய ஃபோன் அடித்தது. குவெண்டா. எடுத்ததும் ஒப்பாரிதான் கேட்டது. லைவைத் திறந்தவுடன் அவள் கண்டது மாலை போட்ட படத்தையும் விளக்கையும் கும்பிடுகிற சனத்தையும்தான். பேச்சு முழுக்கத் தமிழ். மேடையில் ஆட்கள் மறைத்து மறைத்து நின்றதால் மெல்வின் இருந்ததை அவள் காணவே இல்லை. மனுசன் போய்விட்டான் என்று நினைத்துவிட்டாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் செத்த ஆளின் இலக்கத்துக்கே எடுத்திருக்கிறாள்.

"நான்தான், குவெண்டா. நான்தான். இல்லை, இன்னும் இல்லை." அவள் மூச்சு எடுக்கும்வரை அவர் பொறுத்தார். இருதய வருத்தக்காரி என்பது யோகமலருக்கு அப்போதுதான் நெஞ்சில் தைத்தது. மறுமுனையில் அவள் ஏதோ கேட்டாள். மெல்வின் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்லை. சொல்லேல்லை."

மன்றம் கட்டிக்கொடுத்த பிரியாணிப் பொட்டலம் பின் சீற்றில் கிடந்தது. யோகமலர் காரை நிறுத்தி, அதைத் தெருக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் பேஸ்புக்கில் எண்பது படம். கலாநிதி சண்முகராசா யூத மாவீரரைக் கௌரவித்தார் என்று செய்தி. அந்தச் சொல்லைக்கூட மாற்றவில்லை. யோகமலர் அவருக்கு ஃபோன் எடுத்தாள்.

"வாக்குக் குடுத்தனீங்கள் அண்ணை."

"பேர்தானே பிள்ளை. வாற வருஷம் சொல்லுவம்."

"வாற வருஷம் கேக்க அந்த மனுசி இருப்பாவோ தெரியாது. உங்களுக்கு விளங்குதோ?"

"நீ ஏன் இப்பிடிக் கொதிக்கிறாய்? அவங்கள் ஆரோ, நாங்கள் ஆரோ. விழா நல்லா நடந்ததோ இல்லையோ?"

"என்ர தம்பி செத்ததுக்கும் நீங்கள் இப்பிடித்தான் ஒலிவாங்கி பிடிக்கிறனீங்கள்," என்றாள் யோகமலர். "இவ்வளவு நாளும் அதுக்கு முன்னால பூவோட நிண்டிருக்கிறன். நினைக்க எனக்கு என்னிலயே அருவருப்பா இருக்கு." ஃபோனை வைத்தாள். மன்றத்தின் வாட்சப் குழுவிலிருந்து விலகினாள். அவர்கள் இரண்டு தரம் திரும்பச் சேர்த்தார்கள். இரண்டு தரமும் விலகினாள்.

ஆனால் அவள் மெல்வினுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே கிடந்தது. சண்முகராசா கொடுத்த வாக்கை அவர் விழுங்கலாம். தன்னுடையதைத் தான் விழுங்க ஏலாது. கிழமை நடுவில், ஷிப்ட் மாறுகிற நேரம், கராஜ் கன்ரீன் நிறைந்திருந்தது. மெல்வின் தேத்தண்ணியோடு தங்கள் மேசையில் இருந்தார். யோகமலர் தன் ஃபோனில் குவெண்டாவை வீடியோவில் எடுத்து, கெச்சப் போத்தலில் சாய்த்து வைத்தாள். ஒரு கரண்டியை எடுத்துக் கோப்பையில் தட்டினாள்.

"யூனியன் விஷயமோ, யோகா?" என்று யாரோ கத்தினான்.

"இல்லை. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. பிறகு தின்னலாம்."

அவளுடைய ஆங்கிலம் பெரிய ஆங்கிலம் இல்லை. இருந்ததை வைத்துச் சொன்னாள். "ஹவல் பிரிச்சர்ட். வேல்ஸ் ஆள். ஆமியில சமையற்காரர். எரியிற கப்பலில இருந்து அவர் வெளியில வந்தவர். நெருப்பு எண்டு தெரிஞ்சுகொண்டு திரும்ப உள்ள போனவர், ஆக்களை எடுக்க. அங்கதான் செத்தவர். ஒண்டும் அறியாம இல்லை. மெல்வின் அதைக் கண்ணால கண்டவர். இது ஹவலின்ர அக்கா."

ஒருவன் சிப்ஸ் தின்றதை நிறுத்தவில்லை. பின்னால் காப்பி மெசின் இரைந்தது. ஆனால் மிச்ச ஆட்கள் கேட்டார்கள். ஜன்னல் பக்கத்தில் இருந்த சோமாலியாக்காரர் ஒருவர் எழும்பினார். "பெயரை இன்னொருக்காச் சொல்லுங்கோ, வடிவாக் கேக்கேல்லை," என்றார். யோகமலர் சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொன்னார், ஃபோனைப் பார்த்து, இரண்டு தரம், பிழையில்லாமல். இன்னும் சிலர் சொன்னார்கள். திரையில் குவெண்டா நல்ல உடுப்புப் போட்டு, தலை சீவி, கையை வாயில் பொத்திக்கொண்டு இருந்தாள். மெல்வின் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு நேரமாகிவிட்டது என்று எல்லாரும் தங்கள் தங்கள் பஸ்ஸுக்குப் போனார்கள்.

குவெண்டா அடுத்த மாசியில் இறந்தாள். செத்த வீட்டுக்கு மெல்வினும் யோகமலரும் போய் வந்தார்கள். சண்முகராசா இன்னும் மன்றத் தலைவர்தான்; பிரீத்தா அச்சுக்கடையை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். யோகமலர் அதே பாதையில் பஸ் ஓடுகிறாள். மெல்வின் லிப்கின் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இல்ஃபோர்டில் அதே ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். இப்போது அவரை யார் எந்த விழாவுக்குக் கூப்பிட்டாலும் போவதில்லை.